பட்டாளத்து வண்டிக்கு இரண்டாவது ஆயுள்

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் வழியில், கம்மாபுரத்தில் என் தாய்மாமன் லாரிப் பட்டறை வைத்திருந்தார். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு புளியமரம், அதன் கீழே தகரக் கொட்டகை, கொட்டகைக்கு ஒரு பழைய மரக்கதவு. கதவின் உட்பக்கம் முழுக்க வெள்ளைப் பெயிண்டில் எண்கள். மேலே பெரிதாக 1-5-3-6-2-4. அதன் கீழே வரிசை வரிசையாகச் சின்ன எண்கள், சில அடிக்கப்பட்டு, சில திருத்தப்பட்டு. யார் யார் எவ்வளவு கடன் பாக்கி என்று மாமா எழுதி வைத்திருக்கிறார் போல என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் அந்தக் கொட்டகைக்கு ஒரு வண்டி வந்தது. அடர்பச்சை நிறம், நீண்ட மூக்கு, நாலு சக்கரமும் இழுக்கிற நெட்டையான வண்டி. முன்பக்கம் தேவநாகரியில் ஏதோ எழுதி அழிக்கப்பட்டிருந்தது. ராணுவ ஏலத்தில் எடுத்த சக்திமான். எடுத்தவர் பக்கத்து ஊர்க்காரர், கரும்பு ஏற்றுகிறவர். வெள்ளாற்றுப் பக்கத்துக் களிமண்ணில் மழை விழுந்துவிட்டால் சாதாரண லாரி அச்சு வரைக்கும் இறங்கிவிடும். சக்திமான் இறங்காது. கடலோரத்துச் சவுக்குத் தோப்பு மணலிலும் அது போகும். அதற்காகத்தான் வாங்கினார். வாங்கிய பத்தாம் நாள் அது கறுப்புப் புகை விட்டு நின்றுபோனது.

மாமா ஒரு நீளமான திருப்புளியை எடுத்தார். இரும்பு முனையை இன்ஜின் மேல் வைத்தார், மரப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். ஆறு சிலிண்டரிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். பிறகு வண்டிக்காரரிடம் சொன்னார்: "இந்த வண்டிக்கு ஒரு பொஸ்தவம் இருக்கணுமே, அத்த குடுக்கலயா?"

கொடுக்கவில்லை. ஏலத்தில் வண்டியைத்தான் விற்பார்கள், புத்தகத்தை விற்க மாட்டார்கள். இந்தக் கட்டுரை அந்தப் புத்தகம் இல்லாத இடத்தைப் பற்றியது. பட்டாளத்தில் ஒரு வண்டி வாழ்ந்த வாழ்க்கைக்கு ஆவணம் இருக்கிறது. அதைவிட நீளமாக அது நம் ஊர்களில் வாழ்ந்த இரண்டாவது வாழ்க்கைக்கு அநேகமாக எதுவும் இல்லை.

*

இந்தக் கதை சக்திமானில் தொடங்கவில்லை. அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது.

போர்க்காலத்தில் இங்கே பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்களுக்குப் பின்னால் பெரிய இரும்பு உருளையைக் கட்டி, அதில் மரக்கரியை எரித்து, வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனமே அப்படி ஒரு கரிவாயுக் கருவியைச் செய்து விற்றது. மேட்டில் ஏறுவதற்குப் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை அந்தத் தலைமுறை சலிக்காமல் சொல்லும். அதே காலத்தில், கிழக்கே பர்மா முனைக்கு ஆயிரக்கணக்கில் லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ். கனடா ஒரு நாடு மட்டும் அந்தப் போரில் எட்டு லட்சத்துக்கு மேல் ராணுவ வண்டிகள் செய்தது. போர் முடிந்ததும் இவற்றைத் திருப்பிக் கப்பலேற்றுவதைவிட இங்கேயே விற்றுவிடுவது லாபம் என்று ஆனது. 'டிஸ்போசல் வண்டி' என்ற சொல் தமிழுக்குள் வந்தது அப்படித்தான். அந்த வண்டிகளின் சட்டத்தின் மேல் தேக்குமரக் கூடு கட்டி பஸ் ஆக்கினார்கள், பலகை அடித்து லாரி ஆக்கினார்கள். பர்மாவில் இதே கனடா வண்டிகள் பஸ்களாகி, இந்த நூற்றாண்டிலும் ரங்கூன் தெருக்களில் ஓடின.

ஆனால் ஒரு சிக்கல். இவற்றில் பெரும்பாலானவை பெட்ரோல் வண்டிகள். போரில் மைலுக்கு எவ்வளவு எரிகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பண்ருட்டியிலிருந்து சென்னைக்குப் பலாப்பழம் ஏற்றுகிறவர் பார்ப்பார். டீசல் விலையும் குறைவு, அதே தூரத்துக்கு எரிவதும் குறைவு. ஆகவே 1950களில் ஒரு பெரிய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. போர்வண்டியின் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, பெர்கின்ஸ் பி6 என்ற ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை வைத்தார்கள். இங்கிலாந்தில் 1930களின் பிற்பகுதியில் பிறந்த இன்ஜின் அது. பிறகு சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் பெர்கின்ஸ் இன்ஜின்களை இங்கேயே செய்யத் தொடங்கியது. போரில் டீசலாக இல்லாத வண்டி, போர் முடிந்த பிறகுதான் டீசல் வண்டி ஆனது.

இந்த இன்ஜினோடு ஒரு புது வகைப் பழுதும் ஊருக்குள் வந்தது. அந்த பி6 பம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் காற்றால் இயங்குவது. இன்ஜின் காற்றை உறிஞ்சும் வழியில் ஒரு குறுகிய தொண்டை. அங்கே உண்டாகும் வெற்றிடம் ஒரு மெல்லிய குழாய் வழியே பம்புக்குப் போய், ஒரு தோல் சவ்வை இழுத்துப் பிடிக்கும். சவ்வு இழுபட்டால் டீசல் குறையும். சவ்வு கிழிந்தாலோ குழாய் விட்டுப்போனாலோ பிடிப்பு போய், டீசல் முழு அளவில் பாயும், இன்ஜின் தறிகெட்டு ஓடும். ஆக, ஒரு பெரிய லாரியின் கடிவாளம் உள்ளங்கை அளவுத் தோலில் இருந்தது. அந்தத் தோல் காய்ந்து விறைக்காமல் அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏற்றத்தில் வண்டி திணறிப் பின்னால் உருண்டால், இன்ஜின் திரும்பிச் சுற்றி, அப்படியே பின்பக்கமாக ஸ்டார்ட் ஆகிவிடும். டீசலுக்குத் தீப்பொறி தேவையில்லை, அழுத்தம் போதும். எந்தப் பக்கம் சுற்றினாலும் அழுத்தம் அழுத்தம்தான். அப்போது காற்று உறிஞ்ச வேண்டிய வாயில் புகை வரும், வெற்றிடம் இருக்காது, கவர்னர் செத்துப்போகும். மாமாவுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பழைய பட்டாளத்தார். அவர் சீடர்களுக்குச் சொல்லும் முதல் பாடமே இதுதானாம்: "மூக்குல பொக வந்தா யோசிக்காத, ஓடிப்போய் மூக்க அட."

*

சக்திமான் வேறு வம்சம். 1957இல் வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சரானார். ராணுவத்துக்கு வேண்டியதை நாமே செய்ய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். 1958இல் ஜெர்மனியின் மான் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. 1959இல் ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலையிலிருந்து முதல் சக்திமான் வெளியே வந்தது. பிறகு அதே ஊரில் வாகனத் தொழிற்சாலை தனியாக எழுந்தது. ராணுவத் தொழிற்சாலைகளில் காபி வடிகட்டி செய்கிறார்கள் என்று மேனனை அந்தக் காலத்தில் கிண்டல் செய்தார்கள். 1962 தோல்வியோடு அவர் பதவியும் போனது. ஆனால் வண்டி நின்றது. 1965, 1971 போர்கள் இரண்டிலும் ஓடியது. ஏறத்தாழ முப்பத்தைந்து வருடம் அந்த ஒரே உருவம்தான் நமக்குப் 'பட்டாளத்து வண்டி'. இந்திய ராணுவ லாரியைப் படம் வரையச் சொன்னால் என் வயதுக்காரர்கள் இன்னும் அந்த நீண்ட மூக்கைத்தான் வரைவார்கள்.

மான் நிறுவனத்துக்கும் டீசலுக்கும் உள்ள உறவு சாதாரணமானது இல்லை. ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினை 1897இல் ஓட்டிக்காட்டியது ஆக்ஸ்பர்க் நகரத்து இயந்திரத் தொழிற்சாலையில். மான் என்ற பெயரில் நடுவில் இருக்கும் 'ஆ' அந்த ஆக்ஸ்பர்க்தான். 1950களில் அந்த நிறுவனத்தின் பொறியாளர் சீக்ஃப்ரீட் மோய்ரர் டீசல் இன்ஜினின் ஒரு பழைய வியாதியைத் தொட்டார். கடகடவென்ற அந்தச் சத்தம்.

சத்தம் ஏன் வருகிறது? சாதாரண டீசல் இன்ஜினில் நாசில் டீசலைப் பனிப்புகை போலக் காற்றுக்குள் தெளிக்கும். நிறைய டீசல் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அந்த அடிதான் சத்தம். மோய்ரர் தலைகீழாக யோசித்தார். பிஸ்டன் தலையில் பந்து வடிவத்தில் ஒரு குழி. டீசலைக் காற்றில் தெளிக்காமல், அந்தக் குழியின் சுவரை ஒட்டிப் பீய்ச்சுவது. தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்த மாதிரி அது மெல்லிய படலமாகப் பரவும். உள்ளே சுழலும் சூடான காற்று அந்தப் படலத்தை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக்கி எடுத்துக்கொண்டு போகும். எல்லாம் ஒரே நேரத்தில் பற்றாது, வரிசையாக எரியும். சத்தம் நன்றாகவே குறைந்தது. 'கிசுகிசுக்கும் டீசல்' என்று ஜெர்மனியில் பெயர் வைத்தார்கள். மான் தன் லாரிகளில் வைத்த எம் முறை இன்ஜின் இதுதான். ராணுவங்களுக்கு இதில் இன்னொரு ஆசையும் இருந்தது. சுவரில் பூசி எரிப்பதால், டீசல் இல்லாவிட்டால் வேறு எண்ணெயையும் ஓரளவு ஏற்கும். அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரிக்குக் கான்டினென்டல் நிறுவனம் 1960களில் செய்த பல எரிபொருள் இன்ஜினும் மானிடம் உரிமம் வாங்கி, இந்தப் பந்துக்குழி முறையில் எழுந்ததுதான். வியட்நாமில் ஓடிய அமெரிக்க லாரியும் கம்மாபுரத்துக் களிமண்ணில் கரும்பு இழுத்த லாரியும் அந்த வகையில் பங்காளிகள்.

இதெல்லாம் மாமாவுக்குத் தெரியாது. அவர் பழகிய பெர்கின்ஸும் லேலண்டும் வேறு மாதிரி எரிகிறவை. பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தபோது, "இன்னாடா இது, குழிப்பணியாரச் சட்டியாட்டம் இருக்குது" என்றார்.

*

பட்டாளத்தில் அந்த வண்டி எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்திய ராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்க ஒரு தனிப் படைப்பிரிவே உண்டு. ஈ.எம்.இ. என்று சொல்வார்கள். 1943 அக்டோபரில் பிரிட்டிஷ் காலத்திலேயே தொடங்கியது. மற்ற படைகளில் சிப்பாய் என்று அழைக்கப்படுகிறவருக்கு இங்கே பெயர் 'கிராஃப்ட்ஸ்மேன்', அதாவது கைவினைஞர். வண்டியை எடுக்கும் முன் ஒரு பரிசோதனை, வழியில் நிற்கும்போது ஒன்று, திரும்பி வந்த பிறகு ஒன்று. மனிதர்களுக்கு நடப்பது மாதிரியே வண்டிக்கும் பரேடு. எண்ணெய் எத்தனை மைலுக்கு ஒருமுறை, டேப்பெட் எத்தனை மைலுக்கு, எந்த ஆணியை எவ்வளவு முறுக்கு முறுக்க வேண்டும் என்பது வரை அச்சில் இருக்கும். செய்தவர் கையெழுத்து இருக்கும். சின்னப் பழுதை அங்கேயே பார்ப்பார்கள், பெரிய பழுது மேல் பட்டறைக்குப் போகும், இன்ஜினையே பிரித்துக் கட்டுவது தலைமைப் பட்டறையில்.

புத்தகம் போட்டால் மட்டும் சிப்பாய் படித்துவிடுவானா என்ற கேள்வி எல்லா ராணுவத்துக்கும் உண்டு. அமெரிக்கர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 'ஸ்பிரிட்' சித்திரக்கதை வரைந்து புகழ் பெற்ற வில் ஐஸ்னரை வைத்து, பராமரிப்பைச் சித்திரக்கதையாகவே போட்டார்கள். 'பி.எஸ்.' என்ற மாதப் பத்திரிகை 1951இல் தொடங்கியது, ஐஸ்னர் இருபது வருடம் அதில் வரைந்தார். எண்ணெய் மாற்றாத சோம்பேறிச் சிப்பாயும், அவனைத் திருத்தும் கெட்டிக்காரப் பெண்ணும் அதில் பாத்திரங்கள். காற்று வடிகட்டியைத் துடைப்பது எப்படி என்பதை, பின்னாளில் வரைகதை நாவலின் முன்னோடி என்று கொண்டாடப்பட்ட ஒரு கலைஞர் வரைந்தார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சந்தோஷம் தருகிற செய்தி.

இத்தனையும் வண்டி பட்டாளத்தில் இருக்கும் வரைதான். ஆயுள் முடிந்தது என்று முத்திரை குத்திய அன்றோடு பரேடு இல்லை, கையெழுத்து இல்லை, உதிரிபாகமும் இல்லை. சாதாரண லாரிக்கு விருத்தாசலத்திலேயே எல்லாம் கிடைக்கும். சக்திமானின் பாகங்கள் ராணுவக் கிடங்குக்கு வெளியே கடையில் வைத்து விற்கிற பொருள் இல்லை. இன்னொரு செத்த சக்திமானிலிருந்துதான் எடுக்க வேண்டும். அங்கிருந்துதான் மாமா மாதிரி ஆட்களின் வேலை தொடங்குகிறது.

*

நின்றுபோன அந்த வண்டிக்கு வருவோம். டீசல் மெக்கானிக் முதலில் பார்ப்பது புகையை. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கும். வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியே வருகிறது, இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. தண்ணீர் சந்தேகம் என்றால் ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். தளர்த்தியதும் இன்ஜின் தடுமாறினால் அந்த சிலிண்டர் உழைக்கிறது. தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் அது சும்மா இருந்து சாப்பிடுகிற சிலிண்டர். சக்திமானில் மூன்றும் ஐந்தும் அப்படி இருந்தன.

நாசில்களைக் கழற்றிச் சோதித்தால் பழுது இல்லை. டெஸ்டரில் போட்டு அழுத்தினால் நன்றாகவே கத்தின. நல்ல நாசில் டீசலைப் பீய்ச்சும்போது கிரீச்சென்று ஒரு சத்தம் போடும். 'நாசில் கத்துது' என்றால் ஆரோக்கியம் என்று பொருள். பம்பும் சரி. இரண்டு நாள் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், மூன்றாவது நாசிலுக்குக் கீழே இருந்த செப்பு வாஷரைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஐந்தாவதையும் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரட்டை வாஷர். கசிவை நிறுத்த வழியில் யாரோ ஒரு மெக்கானிக் இன்னொன்றைச் சேர்த்திருக்கிறார். வேறு இன்ஜினில் அது பெரிய தப்பில்லை. இந்த இன்ஜினில் நாசில் ஒரு வாஷர் கனம் மேலே ஏறினால், பீய்ச்சுகிற கோடு குழியின் சுவரைத் தொட வேண்டிய இடத்தில் தொடாது. படலம் சரியாக விரியாமல், எரிய வேண்டியது எரியாமல் கரியாகும்.

மாமாவுக்கு மோய்ரரைத் தெரியாது என்று சொன்னேன். ஆனால் அவர் பிஸ்டன் குழியின் ஒரு பக்கம் மட்டும் கரி அப்பியிருப்பதைப் பார்த்தார். மற்ற நாலு பிஸ்டன்களில் குழி எல்லாப் பக்கமும் ஒரே நிறமாக இருப்பதையும் பார்த்தார். "இது தெளிக்கிற வண்டி இல்லடா மாப்ள, பூசுற வண்டி" என்றார். ஆக்ஸ்பர்க்கில் காகிதத்தில் கணக்குப் போட்டு வந்த இடத்துக்கு, கம்மாபுரத்தில் கரியைத் தடவிப் பார்த்து வந்து சேர்ந்தார். ஒற்றை வாஷரைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கி மாட்டினார். புகை நின்றது. அன்று சாயங்காலம் கதவில் புதிதாக ஒரு வரி ஏறியது.

இதைச் சொல்லும்போது கிராமத்து மேதை என்று கைதட்டத் தோன்றும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கைக்கும் எல்லை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். டீசல் பம்புக்குள் இருக்கும் பிளஞ்சரும் அது ஏறி இறங்கும் உறையும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. ஒன்றின் ஜோடியை இன்னொன்றுக்குப் போட முடியாது. அதைக் கம்மாபுரத்தில் செய்யவும் முடியாது. 1951இல் பெங்களூரில் பாஷ் கம்பெனியின் கூட்டில் மைகோ வந்த பிறகுதான் இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு டீசல் பம்பு என்பது கைக்கு எட்டுகிற பொருள் ஆனது. மாமா பம்பைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கடலூருக்குக் கொண்டுபோய்ப் பம்புக் கடையில் அளவு வைத்து வருவார்.

வந்த பம்பை இன்ஜினில் மாட்டுவதுதான் அவர் வேலை. டீசல் எந்தக் கணத்தில் கிளம்ப வேண்டும் என்று டைமிங் வைக்கப் பட்டாளத்தார் சொல்லிக்கொடுத்த முறை: பம்பின் முதல் வாயிலிருந்து வால்வை எடுத்துவிட்டு, கொக்குக் கழுத்து மாதிரி வளைந்த குழாயை மாட்டுவது. டீசல் அதில் சொட்டிக்கொண்டே இருக்கும். இன்ஜினை மெல்ல மெல்லக் கையால் சுற்ற வேண்டும். சொட்டு மெலிந்து, நின்று போகும் அந்த இடம்தான் பிளஞ்சர் அழுத்தத் தொடங்குகிற இடம். அந்த இடமும் சக்கரத்தில் வெட்டியிருக்கும் குறியும் ஒத்துப்போக வேண்டும். அந்த நேரத்தில் கொட்டகையில் யாரும் பேசக் கூடாது. கடைசிச் சொட்டு விழுமா விழாதா என்று மூன்று பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

*

ஒருநாள் அந்த வண்டி எங்களை நன்றாகப் பயமுறுத்தியது. அதன் காற்று வடிகட்டி எண்ணெய்த் தொட்டி வகை. உள்ளே வரும் காற்று எண்ணெயில் உரசித் தூசியை விட்டுவிட்டுப் போகும். தொட்டியில் ஒரு கோடு இருக்கும், அதுவரைதான் எண்ணெய் விட வேண்டும். கிளீனர் பையன் தாராளமாகத் தளும்ப விட்டுவிட்டான். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் முறுக்கியதும் இன்ஜின் காற்றோடு எண்ணெயையும் உறிஞ்சத் தொடங்கியது. டீசல் இன்ஜினுக்கு எண்ணெயும் உணவுதான். பம்பை நிறுத்தியும் நிற்கவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது, கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அப்படியே விட்டால் இன்ஜின் தன்னையே கிழித்துக்கொள்ளும். மாமா தண்ணீர்த் தொட்டியில் கிடந்த சாக்கை எடுத்து, காற்றுக் குழாயைப் பிடுங்கிவிட்டு, வாயில் அந்த ஈரச் சாக்கைத் திணித்து முழங்கையால் அழுத்தினார். ஒரு இருமல் இருமி நின்றது. பையனை அவர் அடிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "கோடு எதுக்குடா போட்டுருக்கான்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூடம் போகவில்லை. சம்பளம் என்று எதுவும் கிடையாது, சாப்பாடும் தீபாவளிக்குத் துணியும்தான். மாமாவும் அப்படி வந்தவர்தான். நாசில் சோதிக்கும்போது பீய்ச்சும் டீசலுக்கு நேரே கை நீட்டக் கூடாது, அந்த அழுத்தத்தில் அது தோலைத் துளைத்துச் சதைக்குள் போய் விரலையே அழுக வைத்துவிடும். இதைப் பையன்களுக்கு யாரும் எழுதிக் காட்டியதில்லை. பட்டவன் சொல்லித்தான் அடுத்தவனுக்குத் தெரியும்.

மாமாவுக்குப் போனது காது. இரைச்சலால் கெடும் காது எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக இழப்பதில்லை. கூர்மையான, மேல் ஸ்தாயி ஒலிகள் முதலில் போகும். ஐம்பது வயதுக்குள் அவருக்கு நாசில் கத்துவது கேட்காமல் போனது. பேசுவது பாதி கேட்கும். கிராங்க் பேரிங் தட்டுகிற அடித்த சத்தம் மட்டும் இன்னும் எட்டியது. அதற்கும் திருப்புளியைக் காதில் வைப்பதை விட்டுப் பல்லில் கடிக்க ஆரம்பித்தார். "பல்லுல தெரியிது" என்பார். நாசிலுக்கு, பக்கத்தில் நிற்கும் பையனைக் கேட்பார்: "கத்துதா?" அவன் ஆமாம் என்றால் மாட்டுவார். சத்தத்தை வைத்தே பிழைத்த மனிதர், கடைசிப் பத்து வருடம் இன்னொருவன் காதை நம்பி வேலை செய்தார்.

நம் மோட்டார் வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் எண்ணூர், ஜபல்பூர், ஜாம்ஷெட்பூர் என்று தொழிற்சாலைகளின் வரலாறு. திறப்பு விழா, ஒப்பந்தம், உற்பத்தி எண்ணிக்கை. பட்டறையின் மொழி எழுத்தில் ஏறுவது அபூர்வம். அபூர்வமாக அது ஏறியதும் இந்த மண்ணில்தான் என்பது எனக்குப் பெருமை. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்துகொண்டே எழுதியவர். பணிமனை வாழ்க்கையை 'நெடுஞ்சாலை' நாவலாக்கினார், நடுநாட்டுச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். கிரீஸ் கை எழுதாது என்பது பொய் என்று அவரை வைத்துச் சொல்லலாம். ஆனால் ஒருவர் எழுதினால் ஆயிரம் பேர் எழுதாமல் போயிருக்கிறார்கள்.

*

2000த்துக்குப் பிறகு சக்திமான்காரர் ஒரு முடிவோடு வந்தார். இரண்டு சக்திமான்களிலிருந்து பாகம் எடுத்தாயிற்று, மூன்றாவது கிடைக்கவில்லை. லைனர் தேய்ந்து, விரல் நகத்தை உள்ளே விட்டால் மேல்விளிம்பில் தட்டுகிற அளவுக்குப் படி விழுந்திருந்தது. "எடுத்துக் கடாசிட்டு லேலண்டு இன்ஜினப் போட்டுருங்க மேஸ்திரி. கடையில சாமான் கெடைக்கும்."

மாமா மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் ஆசானும் அவர் தலைமுறையும் ஐம்பதுகளில் செய்தது அதைத்தானே. ஃபோர்டு வண்டிக்குள் பெர்கின்ஸ் வந்தது போல, சக்திமானுக்குள் லேலண்டு. மியூசியத்தில் வைக்கிறவனுக்கு வண்டி பழையபடியே இருக்க வேண்டும். கரும்பு வெட்டி வயலில் கிடக்கிறவனுக்கு வண்டி ஓட வேண்டும். பட்டாளத்தில் எதை மாற்றலாம் என்று புத்தகம் சொல்லும். இங்கே அதை அடுத்த அறுவடை சொல்லும். இன்ஜின் தாங்கியை வெட்டி ஒட்டி, கியர்பாக்ஸுக்கு நடுவே லேத்தில் தட்டு கடைந்து போட்டு, பதினைந்து நாளில் முடித்தார். வண்டி இன்னும் சில வருடம் ஓடியது. கழற்றிய மான் இன்ஜின் புளியமரத்தடியில் கிடந்து, பிறகு பழைய இரும்புக்குப் போனது. அதன் ஒரு பிஸ்டனை மட்டும் மாமா விற்கவில்லை. அந்தப் பந்துக்குழியில் நட்டும் வாஷரும் போட்டு வைத்திருந்தார்.

பட்டாளத்தில் சக்திமான் போய், 1990களின் பின்பகுதியில் அசோக் லேலண்டின் ஸ்டாலியனும் டாடா வண்டிகளும் அந்த இடத்துக்கு வந்தன. ஏலம் இப்போது இணையத்தில் நடக்கிறது. பதினைந்து வருடம் முடிந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரலிலிருந்து ரத்தாகிறது, அவை உடைக்கப் போகின்றன. போர்ப்பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. புகைக்கும் காற்றுக்கும் அது நல்லதுதான், மாமாவின் நுரையீரலே அதற்குச் சாட்சி சொல்லும். புது இன்ஜின்களில் டீசலின் நேரத்தை நிர்ணயிப்பது கம்ப்யூட்டர். அதைக் கேட்கத் திருப்புளி போதாது, ஸ்கேனர் வேண்டும். அன்று எண்ணெயைத் தளும்ப விட்ட பையன் இப்போது விருத்தாசலத்தில் ஸ்கேனர் வைத்துத் தொழில் செய்கிறான். நன்றாக இருக்கிறான்.

மாமா போன பிறகு கொட்டகையைப் பிரித்தார்கள். கதவை விறகுக்கு எடுக்கும் முன் நான் போய்ப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவனை வரவழைத்துக் காட்டினேன். ஒவ்வொரு எண்ணாக வாசித்தான். 1-5-3-6-2-4, ஆறு சிலிண்டரும் வெடிக்கிற வரிசை. இது பெர்கின்ஸுக்கு டேப்பெட் இடைவெளி. இது லேலண்டுக்கு ஹெட் முறுக்கு. இது யார் வண்டிக்கு எத்தனையாவது சைஸ் பேரிங். நடுவில் ஒரு வரியில் எண் எதுவும் இல்லை, ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு கோடும் மட்டும் இருந்தன. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"பட்டாளத்து வண்டிண்ணே. ஒத்த வாசர்."